கொம்பு முளைத்த நத்தை

அத்தியாயம் 7

இந்த அத்தியாயத்தை எழுத எனக்குக் கை கூசுகிறது. இதுவரை ஆறு அத்தியாயங்களில் நான் அடித்த ஜோக்குகளையெல்லாம் பொறுத்துக்கொண்டீர்கள். இதிலும் ஒரு ஜோக் வருகிறது. அது வியாழக்கிழமை அடித்த ஜோக். அதைப் பற்றித்தான் இந்த அத்தியாயம்.

திங்கட்கிழமை காலை பத்து மணி. அண்ணி என் மேஜையில் ஒரு தாளை வைத்தாள்.

“இதுல என்ன இல்லன்னு பாத்துச் சொல்லு.”

என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள்தான் உலகத்தில் அதிகம். என் அண்ணன் கட்டிக்கொண்டவள் மட்டும் என்ன இல்லை என்று கேட்பாள். துப்பறியும் தொழிலுக்கு அருமையான குணம். அண்ணன் சந்தையிலிருந்து பையோடு வரும்போதும் இதே கேள்விதான் என்பது அவன் தலையெழுத்து.

அந்தத் தாள் எனக்குத் தெரிந்ததுதான். என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். வெளியூரில் பொறியாளராக இருக்கும் தன் சித்தப்பாவுக்குக் கணிப்பொறி வழியாக ஒரு கடிதம் போட்டாள். தன் ஆய்வேட்டின் மூன்றாவது அட்டவணை தப்பு, அது தனக்கு மட்டும்தான் தெரியும், வெட்கமாக இருக்கிறது, என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாள். கடிதம் சித்தப்பாவுக்குப் போகவில்லை. உள்ளூரிலேயே இன்னொரு நிறுவனத் தலைவரின் மேஜையில் இந்தத் தாளாக அச்சாகிக் கிடந்தது. அடுத்த மாதம் அவளுக்கு வேலை தருவதாக இருந்த தலைவர். அந்த வேலை போயிற்று.

அழுதுகொண்டே எங்களிடம் வந்தாள். இரண்டே நாளில் ஆளைப் பிடித்துவிட்டோம். அவளுடைய நிறுவனத்தின் கணிப்பொறி அறை ஆபரேட்டர். எல்லோருடைய கடிதங்களும் அவர் பார்த்துக்கொள்ளும் மெஷின் வழியாகத்தான் போக வேண்டும். எந்தக் கடிதத்தையும் திறக்கிற கடவுச்சொல் அவரிடம் மட்டும்தான். போதாக்குறைக்கு, போன மாதம் அதே தலைவரிடம் வேலை கேட்டு மனுப் போட்டிருந்தார். காக்காய் பிடிக்கக் கடிதத்தைத் திருடிக் கொடுத்தார் என்று அண்ணி வியாழக்கிழமை இருபது பேர் முன்னால் அடுக்கினாள். தபால் கோப்பைத் திறந்து காட்டச் சொன்னதற்கும் அவர் மறுத்துவிட்டார். ஊரார் கடிதத்தைத் திறக்க மாட்டாராம். எங்களுக்கு அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையாகப் பட்டது.

அவர் எழுந்து, “விலாசத்த ஒரு தடவை பாத்துட்டு...” என்று ஆரம்பித்தார். சட்டைப் பைக்குள் கையும் போனது. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

“பாவம், சாருக்குச் சளியே இல்ல. ஆனா தினமும் ஆவி பிடிக்கிறாரு. அதுலதானே கவரு பிரியும்.”

இருபது பேரும் சிரித்தார்கள். நிறுவனத்தின் இயக்குநர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபரேட்டர் பையிலிருந்து கையை வெறுமனே எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மாலைக்குள் அவர் பெயர் ஆவி ஆகிவிட்டது. இந்தத் திங்கட்கிழமை நான்கு மணிக்குக் கடைசி விசாரணை. அதிலும் வாயைத் திறக்காவிட்டால் வேலை நீக்கம்.

நான் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். “மேல கொஞ்சம் இல்ல. கத்தரிச்சிருக்கு. அன்னைக்கே பாத்தோமே அண்ணி. திருடன் தடயத்த வெட்டியிருக்கான்.”

“திருடன் கடிதத்த எங்க வெச்சுப் படிப்பான்?”

“திரையில.”

“திரையில வேண்டாத வரிய எடுக்க என்ன வேணும்?”

“ஒரு பொத்தான அழுத்துனா போதும்.”

“அப்போ கத்தரிக்கோல் யாருக்கு வேணும்?”

காகிதத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு. கத்தரித்தது அனுப்பிய இடத்தில் இல்லை. வாங்கிய இடத்தில்.

அந்தத் தலைவரின் நிறுவனத்துக்குப் பேருந்தில் நாற்பது நிமிஷம். கணிப்பொறித் தபால் எப்படிப் போகிறது என்று அண்ணி கேட்டாள். மூன்று மாதக் கணிப்பொறி வகுப்புக்குப் போனவள் நான். குடும்பத்திலேயே முதல் ஆள். கேட்க வேண்டுமா, அளக்க ஆரம்பித்தேன்.

இந்தத் தபாலில் தெரு, கதவு எண் எதுவும் கிடையாது. போகிற வழியையே விலாசமாக எழுத வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு மெஷின், ஒவ்வொன்றுக்கும் ஒரு செல்லப்பெயர். சிநேகிதியின் நிறுவனத்தில் இருப்பது நரி. நாங்கள் போய்க்கொண்டிருந்த நிறுவனத்தில் கொக்கு. சித்தப்பா வேலை பார்க்கும் ஊரில் ஆமை. ஒரு மெஷினுக்கு அக்கம்பக்கத்து மெஷின்களை மட்டும்தான் தெரியும். நேரம் வைத்து அவற்றைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கடிதங்களைக் கைமாற்றும். அது தனக்குத் தெரிந்த அடுத்ததைக் கூப்பிடும். ஆகவே, கொக்கு வழியாக ஆமைக்குப் போய் அங்கே இருக்கிற சித்தப்பாவிடம் கொடு என்பதற்கு,

கொக்கு!ஆமை!சித்தப்பா

என்று எழுதுவார்கள்.

“நடுவுல எதுக்கு ஆச்சரியக்குறி?”

“போய்ச் சேந்தா ஆச்சரியம்தானே அண்ணி.”

அண்ணி சிரிக்கவில்லை. நான் விடாமல், இதெல்லாம் பழைய பாணி, இப்போது புதிதாக நத்தை, அதாவது நத்தைபோல் சுருண்ட ஒரு குறி, வந்திருக்கிறது என்றேன். பெயர், அடுத்து நத்தை, அடுத்து மெஷின் பெயர், அவ்வளவுதான், வழி எழுதவே வேண்டாம் என்று பேருந்துச் சீட்டின் பின்புறம் சித்தப்பா@ஆமை என்று எழுதிக் காட்டினேன். வழக்கம்போல நத்தைக்கு மேலே இரண்டு கொம்பும் வைத்தேன். வகுப்பிலிருந்தே அப்படித்தான் போடுவேன். கொம்பில்லாத நத்தை என்ன நத்தை? அண்ணி சீட்டை வாங்கி நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அவள் எதையும் வீசுவதில்லை.

கொக்கு இருந்த நிறுவனத்தில் தலைவர் அறைக்கு வெளியே தட்டச்சு செய்யும் அம்மாள் உட்கார்ந்திருந்தார். கத்தரிக்கோல் அவர் மேஜையில், கழுத்தில் கயிறு கட்டி மேஜைக் காலோடு பிணைத்திருந்தது. யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாதாம். இந்தக் கடிதத்தின் தலையை யார் வெட்டியது என்று அண்ணி கேட்டதும், மறைக்கவெல்லாம் இல்லை, நான்தான் என்றார்.

“எல்லாக் கடிதாசிக்கும் தலையில நாலஞ்சு வரி கிறுக்கலா வரும். எங்க சித்தப்பாவுக்கு அதப் பாத்தா எரிச்சல். அதனால முடி வெட்டுற மாதிரி வெட்டிட்டுத்தான் உள்ள அனுப்புவேன்.”

“தலைவர் உங்க சித்தப்பாவா?” என்றேன்.

“எனக்கில்ல, இந்த ஆபீசுக்கே சித்தப்பா. மெஷின்ல கூட அந்தப் பேருதான் குடுத்திருக்கோம்.”

அண்ணியின் புருவம் ஒரு நூல் உயர்ந்தது. எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. வெட்டிய துண்டு எங்கே என்று அண்ணி கேட்டாள். துண்டுகளின் பின்பக்கத்தில்தான் தொலைபேசித் தகவல் எழுதிவைப்பாராம். மேஜை ஆணியில் குத்தி வைத்திருந்த கற்றையை எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றாகப் புரட்டினோம். ‘குழாய் ரிப்பேர்காரர் ஞாயிறு வருவார்’ என்று ஒரு பக்கம் இருந்ததன் மறுபக்கத்தில் சிநேகிதியின் பெயரும் தேதியும் இருந்தன.

ஒவ்வொரு மெஷினும் கடிதத்தைக் கைமாற்றும்போது தன் முத்திரையைத் தலையில் குத்தும். கடைசியாகக் குத்தியது மேலே இருக்கும். அண்ணி விரலை வைத்துக் கீழிருந்து மேலே படித்தாள். நரி அனுப்பியது. ஆமை வாங்கியது. ஆமை அனுப்பியது. கொக்கு வாங்கியது.

“கொக்கத் தாண்டித்தானே ஆமைக்குப் போகணும்னு சொன்ன?”

“ஆமா.”

“இது நேரா ஆமைக்குப் போயிட்டு கொக்குக்குத் திரும்பி வந்திருக்கே. இந்த ஊருல இருக்கிறவருக்குத் திருடிக் குடுக்கிறவன் வெளியூருக்கு அனுப்பி வரவழைப்பானா?”

அண்ணி துண்டை மடித்தாள். “அவரு திருடல. அது வரைக்கும் தெரியுது. வேற என்ன நடந்துச்சுன்னு சொல்லத் தெரிஞ்ச ஆளு இந்த ஊருல ஒருத்தர்தான்.”



ஆபரேட்டரின் வீடு ஒரு மாடிக் குடியிருப்பின் மூன்றாவது தளத்தில் இருந்தது. மணியை அழுத்தியதும் அவர் மனைவி கதவைத் திறந்தார். சின்னப் பிள்ளைகளின் பள்ளியில் வேலை பார்ப்பவர், வியாழனுக்குப் பிறகு பள்ளிக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். அண்ணி வீட்டு எண்ணைச் சொல்லி விசாரிப்பதற்குள் அவரே பேசினார்.

“ஆவி வீடுதானே தேடுறீங்க? இதுதான். உள்ள வாங்க.”

குரலில் கோபம் இல்லை. அந்தப் பெயருக்குப் பழகிவிட்ட குரல். நாலு நாளில் ஒரு பெண்ணுக்குத் தன் வீட்டை அப்படிச் சொல்லப் பழகியிருக்கிறது. செருப்பைக் கழற்றுவதுபோல் குனிந்து வெகுநேரம் குனிந்தே இருந்தேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆபரேட்டர் மேஜையில் ஒரு வானொலியைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அண்ணி சுற்றி வளைக்கவில்லை. தவறு நடந்துவிட்டது, காரணம் அடுக்கியவள் நான், இதைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று துண்டை நீட்டினாள். கடிதத்தைக் கைப்பையை விட்டு வெளியே எடுக்கவில்லை. அவர் முதலில் அதைத்தான் கேட்டார்.

“கடிதம் இதோட இருக்கா?”

“இல்ல. தலை மட்டும்தான்.”

அதன் பிறகே கையில் வாங்கினார். இந்தத் தபாலில் கவரும் கடிதமும் ஒரே தாள், முத்திரையைப் பார்க்கத் திறந்தால் கடிதமும் கண்ணில் படும், அதனால்தான் அன்று திறக்கவில்லை என்றார். நாங்கள் திருட்டுமுழி என்று நினைத்தது அந்த மனிதருடைய நேர்மை. படித்துவிட்டுத் தலையாட்டினார். அவருக்கு அது புதிதில்லை.

“பழைய புத்தகக் கடைன்னு ஒரு பலகை இருக்கு. பழையது எது, புத்தகமா கடையா?”

“எப்படி வேணா படிக்கலாம்” என்றாள் அண்ணி.

“அதேதான் நடந்திருக்கு. ஆச்சரியக்குறி மட்டும் இருந்தா எல்லா மெஷினும் இடமிருந்து வலமாத்தான் படிக்கும். நத்தை மட்டும் இருந்தாலும் குழப்பமில்ல. ஒரே விலாசத்துல ரெண்டையும் கலந்தாத்தான் வினை. சில மெஷின் ஆச்சரியக்குறிய முதல்ல பாக்கும், சிலது நத்தைய முதல்ல பாக்கும். நரி நத்தைய முதல்ல பாக்குற ஜாதி. போன மாசத்துல இருந்து ஆமைக்கு நேர் லைனும் வந்திருச்சு.”

சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் சீட்டை எடுத்தார். புகார் வந்த அன்றே ஆய்வாளர் அம்மாவின், அதாவது என் சிநேகிதியின், திரையில் ஒட்டியிருந்ததைப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டாராம். வியாழக்கிழமை அவர் கை தேடிப்போனது இதைத்தான். மேஜையில், வானொலித் திருகாணிகளுக்கு நடுவே வைத்தார்.

கொக்கு!சித்தப்பா@ஆமை

“எழுதினவங்க நினைச்சது, கொக்குக்குப் போய் அங்க இருந்து ஆமையில இருக்குற சித்தப்பாவுக்குப் போகும்னு. நரி படிச்சது, மொதல்ல ஆமைக்குப் போ, அங்க இருந்து கொக்குல இருக்குற சித்தப்பாவுக்குப் போ. சொந்தச் சித்தப்பா இருக்குற மெஷின் வரைக்கும் போயிட்டு, ஊருக்கே சித்தப்பாவா இருக்குறவருகிட்ட திரும்பி வந்திருச்சு. யாரும் திருடல. எழுதின விலாசத்துக்குத்தான் போச்சு. இது அந்த அம்மா கையெழுத்து இல்ல. யாரோ அரைகுறையாத் தெரிஞ்சவங்க எழுதிக் குடுத்திருக்காங்க.”

அந்தச் சீட்டில் நத்தைக்கு இரண்டு கொம்பு இருந்தது.

அண்ணி நோட்டைத் திறந்தாள். பேருந்துச் சீட்டைப் பாதி வெளியே இழுத்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, அதை உள்ளே தள்ளி நோட்டை மூடினாள். மஞ்சள் சீட்டையும் மெதுவாகக் குப்புறத் திருப்பி வைத்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. என்னைச் சுட்டிக்காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எல்லாம் ஞாபகம் வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் சிநேகிதியைப் பார்க்கப் போயிருந்தேன். கடிதம் போய்ச் சேர இரண்டு நாள் ஆகிறது என்று அலுத்துக்கொண்டாள். நீ இன்னும் பழைய காலத்திலேயே இருக்கிறாயே என்று கேலி செய்து நான்தான் எழுதி ஒட்டினேன். நத்தை மட்டும் போதுமா என்று எனக்கே சந்தேகம். எதற்கும் துணைக்கு இருக்கட்டும் என்று கொக்கையும் சேர்த்தேன். ஒட்டியதோடு மறந்தும் போனேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் கெடவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கெடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது.

“நான்தாங்க எழுதினேன்” என்றேன். குரல் வெளியே வந்ததா என்றே சந்தேகமாக இருந்தது. திரும்பவும் சொன்னேன். “அது என் கையெழுத்து.”

சுவரோரம் நின்றிருந்த அவர் மனைவி உள்ளே போய்விட்டார். அவர் ஒரு திருகாணியை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

“தப்பா விலாசம் எழுதாதவங்க யாரு? நானே எழுதியிருக்கேன். அது பெரிசில்லம்மா.” திருகாணியை மேஜையில் வைத்தார். “அன்னைக்கு இந்தச் சீட்ட எடுக்கத்தான் பைக்குள்ள கைய விட்டேன். அப்போ சிரிக்க வெச்சீங்க பாருங்க. அத்தனை பேரு சிரிக்கும்போது ஒரு மனுஷன் என்னத்தப் பேசுறது?”

 

நான்கு மணி விசாரணையில் அண்ணி துண்டையும் மஞ்சள் சீட்டையும் வைத்து விளக்கினாள். அதே இருபது பேர். சீட்டை எழுதியது யார் என்று இயக்குநர் கேட்டார். அண்ணி உட்கார்ந்துவிட்டாள். நான் எழுந்து நின்று, நான்தான் என்றேன். ஆவி ஜோக்கும் என்னுடையதுதான், அது ஓர் உண்மையைப் பேச விடாமல் அடைத்துவிட்டது என்றும் சொன்னேன். மூலையில் இருந்த என் சிநேகிதி தலையைக் குனிந்துகொண்டாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஆபரேட்டரின் வேலை நிலைத்தது. இயக்குநர் கையைக் குலுக்கினார்.

முடிந்தது என்று நினைத்தேன். ஆபரேட்டர் கணிப்பொறி அறையைத் திறந்து நரியின் முன்னால் உட்கார்ந்ததும் பின்னாலேயே போனேன். அவர் பெயருக்குப் பதினேழு கடிதங்கள் வந்திருந்தன. முதலாவதைத் திறந்தார். அவர் கால் வைத்திராத ஏதோ ஓர் ஊரிலிருந்து முகம் தெரியாத ஒருவர், ‘ஆவி சார், சளி எப்படி இருக்கிறது?’ என்று கேட்டிருந்தார். இரண்டாவதும் அதுதான். வியாழக்கிழமை சாயங்காலம் யாரோ என் ஜோக்கைத் தட்டி அனுப்பியிருக்கிறார்கள். நரி கொக்குக்குச் சொல்லி, கொக்கு ஆமைக்குச் சொல்லி, முத்திரைக் கணக்குப்படி பன்னிரண்டு மெஷின்களைச் சுற்றி வந்துவிட்டது. அதற்கு மட்டும் விலாசத்தில் ஒரு பிழையும் இல்லை.

“திருப்பிக் கூப்பிட முடியாதா?” என்று கேட்டேன்.

“போனது போனதுதான். இதுல திரும்பி வர்ற வழி கிடையாது.”

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பதை அதுவரை பழமொழி என்று நினைத்திருந்தேன். அந்தப் பன்னிரண்டு இடத்துக்கும் நான் ஒரு கடிதம் எழுத வேண்டும், வழி மட்டும் நீங்கள் சொல்லுங்கள், என் விலாசத்தை நான் இனி நம்புவதாயில்லை என்றேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து என்னை உட்காரச் சொன்னார். ஒவ்வொரு மெஷினாகச் சொல்லச் சொல்லத் தட்டினேன். நத்தை ஒன்றுகூட இல்லை.

“போற வழியில யாரு வேணா இதப் பிரிச்சுப் படிக்கலாம். பரவாயில்லையா?”

“படிக்கட்டும். அதுக்குத்தான் எழுதுறேன்.”

நான் எழுதத் தொடங்கியதும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். என் பெயரை எழுதினேன். விலாசம் எழுதியவள் நான், தப்பு என்னுடையது, அவர் ஒருவர் கடிதத்தையும் ஒருநாளும் பிரித்ததில்லை என்று எழுதினேன். பத்தே வரி. வியர்த்துவிட்டது. நிமிர்ந்தபோதும் அவர் முதுகுதான் தெரிந்தது.

“நீங்க பாக்கலாங்க. உங்களப் பத்தினதுதானே.”

“விலாசத்துல என் பேரு இல்லையேம்மா” என்றார், திரும்பாமலே.

விலாசத்துக்கு மறுபடி போய், பன்னிரண்டு வழிகளுக்கும் கீழே அவர் பெயரையும் தட்டினேன். ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்துவிட்டு, சேர்த்தாயிற்று என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் திரும்பினார்.